பன்னிரண்டு மணிப் பயணத்துக்குப் பன்னிரண்டு நாள்



சென்ற செயற்குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கைதட்டலோடு வரவேற்கப்பட்டது. நம் சங்கத்து நண்பர்களில் நால்வர் தனியார் விமானி உரிமம் பெற்றிருக்கிறார்கள். அவர்கள் பயிற்சி பெற்ற பறக்கும் கழகத்திலிருந்து நான்கு இருக்கை கொண்ட சிறு விமானங்கள் இரண்டை வாடகைக்கு எடுப்பது, வரும் பிப்ரவரியில் பாராமதியிலிருந்து புறப்பட்டுப் புதுச்சேரி வரை போய் வருவது, இதுதான் தீர்மானம். நானும் கைதட்டினேன். இந்த மராட்டிய மண்ணில் படிக்க வந்த நாம், ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனையோ முறை கடந்த அந்த வழியை ஒரு முறையாவது மேலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு.

அதன் பிறகு நிகழ்ச்சி நிரலை வாசித்தார்கள். வெள்ளிக்கிழமை காலை புறப்பாடு. சனிக்கிழமை மாலை புதுச்சேரி. ஞாயிறன்று அங்கே விழா, பிரமுகர் ஒருவர் தலைமை, மாலை மரியாதை. திங்கள் புறப்பட்டுச் செவ்வாய் மாலை பாராமதி. எட்டுப் பேர், ஐந்து நாள், அழைப்பிதழ் அச்சுக்குக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி!

நான் எழுந்து, "இந்த நிரலை நான் எதிர்க்கிறேன்" என்றேன். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "பயமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். செயலாளர் அண்ணன், "உன் கட்சியை மலரில் எழுது. பொதுக்குழு படித்துவிட்டு முடிவு செய்யட்டும்" என்று சொல்லி அமர்த்திவிட்டார். ஆகவே எழுதுகிறேன். நான் எதிர்ப்பது பறப்பதை அன்று, அவசரமாகப் பறப்பதை.

இந்திய வானத்துக்கும் மாணவர்களுக்கும் உறவு நேற்று வந்ததன்று. 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் அலகாபாத்தில் ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் சுமார் 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். உலகிலேயே அதிகார பூர்வமான முதல் விமானத் தபால் அதுதான். அந்தத் தபாலுக்காக வசூலித்த தனிக் கட்டணம் எதற்குப் போயிற்று தெரியுமா? அலகாபாத்தில் இருந்த ஒரு மாணவர் விடுதிக்கு! நம்மைப் போல் விடுதிச் சோறு உண்ட பிள்ளைகளுக்காகத்தான் இந்திய வானம் முதன்முதலில் தபால் சுமந்தது. எனவே, "மாணவருக்கு எதற்கு விமானம்?" என்று கேட்பவர் கட்சியில் நான் இல்லை.

நிற்க. இனிக் கணக்குக்கு வருவோம்.

பாராமதியிலிருந்து ஹூப்ளி சுமார் 320 கிலோமீட்டர். அங்கிருந்து பெல்லாரிச் சீமையில் உள்ள வித்யாநகர் சுமார் 170. அங்கிருந்து மைசூர் சுமார் 330. மைசூரிலிருந்து சேலம் வழியாகப் புதுச்சேரி சுமார் 350. ஆக மொத்தம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். செஸ்னா 172 போன்ற சிறு விமானம் மணிக்கு 200 கிலோமீட்டர் போகும். போவதற்கு ஆறு மணி, வருவதற்கு ஆறு மணி. பன்னிரண்டு மணி நேரப் பறப்புக்கு ஐந்து நாள் தாராளம் என்றுதான் நிரல் போட்ட நண்பர்களுக்குத் தோன்றியிருக்கும். காகிதத்தில் அது சரி. ஆனால் வானம் நம் காகிதத்தைப் படிப்பதில்லை.

முதலில் எட்டுப் பேர் என்ற கணக்கைப் பார்ப்போம். நான்கு நாற்காலி இருப்பதால் நான்கு பேர் ஏறலாம் என்று நினைப்பது பஸ்ஸில் ஏறிப் பழகிய நம் பழக்கம். இந்த விமானம் தன் எடை போக ஏறக்குறைய 400 கிலோதான் சுமக்கும். தொட்டி நிறையப் பெட்ரோல் ஊற்றினால் அதற்கே 144 கிலோ போய்விடும். மிச்சம் 260 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. விடுதிச் சாப்பாட்டில் இளைத்து, தலைக்கு 65 கிலோவாக நான்கு பேர் ஏறினால் கணக்கு அத்தோடு முடிந்தது. மாற்று வேட்டி ஒன்று எடுத்துக்கொள்ளவும் இடமில்லை. திரும்பி வரும்போது அம்மா கொடுத்தனுப்பும் முறுக்கு டின்னை எங்கே வைப்பது? மூன்று பேர், அளவான பை, நிறைந்த தொட்டி. இதுதான் யோக்கியமான கணக்கு. புறப்படுமுன் ஒவ்வொருவரும் பையோடு தராசில் ஏறி நிற்க வேண்டும். வெட்கப்படுகிறவர்கள் ரயிலில் வரலாம். ரயில் யாரையும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

அடுத்தது காலம். நம் விடுமுறைகள் மூன்றும் வானத்துக்கு ஒத்துவராத நாட்களாகவே அமைந்திருப்பது ஒரு வேடிக்கை. தீபாவளியை ஒட்டிப் போனால் தமிழ்நாட்டுக் கரையில் வடகிழக்குப் பருவமழை. கோடை விடுமுறை என்றால் அனல், புழுதி மூட்டம், பிற்பகல் இடி. பொங்கலுக்குப் போகலாமே என்றால், வடக்கே படிக்கும் நம் நண்பர்களைக் கேளுங்கள். கங்கைச் சமவெளியில் பெரிய விமானங்களே மூடுபனியில் காத்துக் கிடக்கும். நாம் தக்காணத்தில் இருப்பதால் பனித் தொல்லை அவ்வளவு இல்லை என்றாலும் அதிகாலை மூட்டம் உண்டு. இவற்றோடு ஒப்பிட்டால் பிப்ரவரி நல்ல மாதம். அதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு என் பாராட்டு.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. காற்று சூடேறினால் நீர்த்துப்போகும். நீர்த்த காற்றில் இறக்கைக்கும் பிடிப்புக் குறைவு, எஞ்சினுக்கும் மூச்சுக் குறைவு. கடல் மட்டத்தில் 40 டிகிரி வெயிலில் நிற்கும் விமானம், சுமார் 3,000 அடி உயரத்தில் நிற்பதைப் போலவே நடந்துகொள்ளும். மைசூரும் ஹூப்ளியும் முன்பே 2,000 அடிக்கு மேல் இருக்கின்றன. அங்கே நண்பகலில் முழுச் சுமையோடு கிளம்புவது வீண் துணிச்சல். காலையில் பறந்து பதினொரு மணிக்குள் தரையில் இருப்பதுதான் அனுபவஸ்தர்கள் வழக்கம். பிற்பகலில் மேகமும் குலுக்கலும் வளரும், வயிறும் கலங்கும். தவிரவும், கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானங்கள் சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்குப் பின் நம் நாட்டில் பறக்கக் கூடாது என்பது சட்டம். காலையில் இரண்டு மணி தாமதமானால் மாலையில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பதற்கு இங்கே இடமே இல்லை.

இனி என் எதிர்ப்பின் முக்கியக் காரணத்தைச் சொல்கிறேன். இதுவரை நெருங்கிய நண்பர்கள் இருவருக்குத் தவிர நான் யாரிடமும் சொல்லாதது இது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மே மாதக் கடைசியில், கோவையில் என் அத்தை மகளுக்குத் திருமணம். அப்போது என்னைவிட இரண்டு வகுப்பு மேலே படித்த அண்ணன் ஒருவர் உரிமம் வாங்கியிருந்தார். கழகத்து விமானத்தில் மைசூர் வரை இருவரும் சுகமாக வந்துவிட்டோம். மறுநாள் காலை முகூர்த்தம். மைசூரிலிருந்து கோவைக்கு ஆகாய வழி மிகக் குறைவு. மேலே கிளம்பினால் முக்கால் மணி நேரம். வீட்டுக்குப் போன் செய்து, "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம். மாமாவை விமான நிலையத்துக்கு அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு போன்தான் எல்லாவற்றுக்கும் விதை.

இடையில் திம்பம் மலைத்தொடர். அதன் முகட்டில் மேகம் படுத்திருந்தது. அண்ணன் சற்று நேரம் மலைக்கு இப்பால் வட்டமிட்டார். "திரும்பிவிடலாமா?" என்று என்னைக் கேட்டார். விமானி கேட்கிறார் என்றால் அவர் மனத்தில் பாதி முடிவு ஆகிவிட்டது என்று பொருள். எனக்கு அன்று அது தெரியாது. மாமா அங்கே வெயிலில் காத்து நிற்பாரே என்ற எண்ணம்தான் எனக்கு. "அதோ ஒரு பள்ளத்தாக்கு திறந்திருக்கிறதே, அண்ணா. இன்னும் ஐந்து நிமிடம் போய்ப் பார்ப்போம்" என்றேன். அவரும் நல்ல மனிதர், மறுக்கத் தெரியாதவர். போனோம்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முன்னால் இருந்த பச்சை மறைந்தது. இடப்பக்கத்து மலை மறைந்தது. கண்ணாடிக்கு வெளியே வெண்மையைத் தவிர ஒன்றுமில்லை. நான் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முள்களையே பார்த்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக, வந்த திசைக்கே விமானத்தைத் திருப்பினார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மறுபடி கீழே மரங்கள் தெரிந்தபோது அவை நான் நினைத்ததைவிட மிக அருகில் இருந்தன.

மைசூரில் இறங்கினோம். அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டு நெடுநேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, "தம்பி, தப்பு என்னுடையது. ஆனால் இனிமேல் மேலே போனபின் என்னிடம் எதையும் கேட்காதே" என்றார். அவ்வளவுதான்.

கதையின் வேடிக்கையான பகுதியை இனிமேல்தான் சொல்ல வேண்டும். அன்று பிற்பகல் மைசூர் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினோம். அதே திம்பம் மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கி, இரவுச் சாப்பாட்டுக்குக் கோவை போய்ச் சேர்ந்தோம். மறுநாள் முகூர்த்தத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எந்தக் கல்யாணத்தைத் தவறவிடக் கூடாது என்று மேகத்துக்குள் நுழைந்தோமோ, அந்தக் கல்யாணம் தவறவே இல்லை! ஒரு பஸ் டிக்கெட்டுக்காகவா இரண்டு உயிரைப் பணயம் வைத்தோம்? அட்சதை போடும்போது என் கை நடுங்கியதைப் பார்த்து, பிள்ளைக்குப் பசி என்று அத்தை நினைத்துக்கொண்டாள்.

மேகத்துக்குள் மனிதனுக்கு என்ன நேருகிறது என்பதை நம்மைப் போன்ற ஒரு பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954-இல், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாத நிலையில் விமானத்தை ஓட்டச் சொன்னார்கள். பக்கத்தில் ஆசிரியர் இருந்தார். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடியில்! மூன்று நிமிடம்கூட இல்லை. காரணம் எளியது. கண்ணுக்கு அடிவானம் தெரியாவிட்டால், எது மேல், எது கீழ் என்பதைக் காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு தவறாகச் சொல்லும். விமானம் சாய்ந்து சுழன்று இறங்கும்போது உட்கார்ந்திருப்பவருக்கு நேராகப் போவதாகவே தோன்றும். அதே ஆராய்ச்சியின் மறுபாதியும் நமக்கு முக்கியம். நிதானமாக அரைவட்டம் அடித்து வந்த வழியே திரும்பும் முறையை அவர்களுக்குக் கற்பித்த பிறகு, ஏறக்குறைய எல்லோரும் தப்பித்தார்கள். திரும்புவது ஒரு கலை. கற்றுக்கொள்ள வேண்டிய கலை. அன்று திம்பத்தில் எங்களைக் காத்தது அதுதான்.

மேலைநாட்டு விமானிகள் இந்த அவசரத்துக்கு ஒரு நோயின் பெயரையே வைத்துக் கேலி செய்கிறார்கள். நாம் 'போய்ச் சேரும் நோய்' என்று சொல்லலாம். அந்த நோய் வானத்தில் பிறப்பதில்லை. தரையில், நிரல் போடும் மேசையில் பிறக்கிறது. அழைப்பிதழ் அச்சாகும்போது வளர்கிறது. "தலைவர் ஏழு மணிக்கே வந்துவிட்டார், பிள்ளைகளைத்தான் காணோம்" என்று யாரோ ஒருவர் போன் செய்யும்போது முற்றுகிறது. ஒரு கல்யாணத்துக்கே நான் அப்படிப் பேசினேன் என்றால், மாலையும் மேடையும் நிருபரும் காத்திருக்கும் விழாவுக்கு நம் எட்டுப் பேரும் எப்படிப் பேச மாட்டோம்? நம் நான்கு விமானிகளும் கெட்டிக்காரர்கள்தாம். அவர்கள் கெட்டிக்காரத்தனத்தின்மீது எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் தோளில் நாம் ஏற்றிவைக்கப் போகும் பாரத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

குறை மட்டும் கூறிவிட்டுப் போவது பண்பன்று. ஆகவே என் மாற்றுத் திட்டத்தையும் சொல்கிறேன்.

போவதற்கு ஆறு நாள், வருவதற்கு ஆறு நாள், ஆகப் பன்னிரண்டு நாள். நான்கு காலைகளில் பறப்பு. இரண்டு நாள் வெற்று நாள். வெற்று நாளுக்கு நிகழ்ச்சி எதுவும் வைக்கக் கூடாது. மேகம் வந்தால் அந்த நாளை மேகத்துக்குக் கொடுப்போம். மேகம் வராவிட்டால் ஹம்பியின் கல் மண்டபங்களில் திரிவோம். முதல் குழு விமானிகள் இருவரும் மாணவர் நால்வரும் புதுச்சேரி வரை பறந்து சென்று ரயிலில் திரும்பட்டும். இரண்டாம் குழு, அதேபோல் அறுவர், ரயிலில் வந்து விமானத்தில் திரும்பட்டும். யாரும் பன்னிரண்டு நாளும் வகுப்பைவிட்டு விலகியிருக்க வேண்டியதில்லை. எட்டுப் பேர் பறக்க இருந்த இடத்தில் பன்னிரண்டு பேர் பறக்கலாம். மூன்று பேர் என்ற எடைக் கணக்கும் சரியாக இருக்கும்.

பெட்ரோலுக்கும் இது பொருந்தும். இவ்வகை விமானத்துக்கு வேண்டிய விமானப் பெட்ரோல் நம் நாட்டில் எல்லா நிலையங்களிலும் கிடைப்பதில்லை. பெரும்பாலான இடங்களில் ஜெட் விமானத்துக்கான எரிபொருள்தான். 2022 வரை நாம் அதை முழுவதும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தோம். அந்த ஆண்டில்தான் குஜராத் சுத்திகரிப்பு நிலையத்தில் உள்நாட்டு உற்பத்தி தொடங்கியது. நம் விமானம் நிறைந்த தொட்டியில் சுமார் 200 லிட்டர் கொள்ளும். மணிக்கு ஏறக்குறைய 35 லிட்டர் குடிக்கும். எனவே பாராமதியில் நிரப்பினால் மைசூர் வரை வந்துவிடலாம். பறக்கும் பயிற்சிப் பள்ளி உள்ள மைசூரில் முன்கூட்டியே பேசிவைத்துப் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை நிரப்பிக்கொண்டால் போதும். பீப்பாய் வந்து சேர ஒரு நாள் தாமதமானால்? அதற்குத்தான் வெற்று நாள்! அவசர நிரலில் அதே தாமதம், பாதித் தொட்டியோடு கிளம்பத் தூண்டும்.

ஒவ்வொரு பறப்புக்கும் திட்டம் கொடுத்து வான்பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும். சிறு நிலையங்கள் குறிப்பிட்ட நேரத்தில்தான் திறந்திருக்கும். தனியார் நிலையமாகிய வித்யாநகரில் முன் அனுமதி பெற வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒரு காலையை விழுங்கக்கூடியவை. காத்திருக்க மனமில்லாதவருக்கு இவை எரிச்சல். மனமுள்ளவருக்கு ஒரு தேநீர் நேரம்.

இரண்டு விமானம் போவதால் இன்னொரு விதியும் வேண்டும். ஒன்றையொன்று ஒட்டிப் பறக்கக் கூடாது. கால் மணி இடைவெளியில் கிளம்பட்டும். ஒரு விமானி திரும்பினால் மற்றவர் தொடரலாம். ஒருவர் தொடர்ந்தார் என்பதற்காக மற்றவர் தொடர வேண்டாம். மாலையில் சந்திக்கும்போது, "நாங்கள் வந்துவிட்டோமே, நீங்கள் ஏன் திரும்பினீர்கள்?" என்று எவரும் கேட்கலாகாது. கேட்பவர் அன்றைய சாப்பாட்டுச் செலவை ஏற்க வேண்டும் என்று தீர்மானமே போடலாம்.

போட்டியில்கூடப் பெருந்தன்மை இருந்த காலம் ஒன்று உண்டு. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் பரிசு அறிவித்திருந்தார். 1930-இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து கிளம்பினார். ஆஸ்பி எஞ்சினியர் என்ற 17 வயதுப் பையன் இங்கிலாந்திலிருந்து எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தான். எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் இருவரும் சந்தித்தார்கள். மாற்றுத் தீப்பொறிக் குமிழ் இல்லாமல் ஆஸ்பி தவித்துக்கொண்டிருந்தான். போட்டியாளன் என்று பாராமல் டாட்டா தம்மிடம் உபரியாக இருந்ததைக் கொடுத்தார். ஆஸ்பி பரிசை வென்றான். டாட்டா சில மணி நேரத்தில் பரிசை இழந்தார். அந்தப் பையன் 1960 முதல் 1964 வரை இந்திய விமானப் படைக்கே தலைவராக விளங்கினார். தோற்றவரின் பெயரும் மங்கிவிடவில்லை. முதலில் போய்ச் சேர்வதைவிடப் பெரிய காரியங்கள் வானத்தில் உண்டு.

அதே டாட்டா 1932 அக்டோபர் 15-இல் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹுவுக்குத் தபால் கொண்டுவந்தார். அகமதாபாத்தில் அவருக்குப் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது. ஜுஹுவிலிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். நம் வித்யாநகர் அந்தப் பழைய பாதைக்கு வெகு அருகில்தான் இருக்கிறது. அவர்கள் தபால்காரர்கள், நேரம் தவறாமை அவர்கள் தொழில். அவர்களே மழைக்காலம் வந்து ஜுஹு மைதானம் சேறானதும், பிடிவாதம் பிடிக்காமல் பூனாவுக்கு மாறிக்கொண்டார்கள். தபாலுக்கே வளைந்துகொடுத்தார்கள், நாம் ஒரு பொன்னாடைக்காக விறைத்து நிற்க வேண்டுமா?

என் திட்டத்துக்கு வரக்கூடிய மறுப்புகளை நானே சொல்லிவிடுகிறேன்.

"நாள் கூடினால் செலவு கூடும்" என்பார்கள். உண்மைதான். விமான வாடகை பறக்கும் மணிக்குத்தான் என்றாலும், நாளுக்கு இத்தனை மணியாவது பறக்க வேண்டும் என்று கழகத்தார் கேட்கக்கூடும். அதை இப்போதே பேசித் தீர்க்க வேண்டும். தங்குவதற்குத் தர்ம சத்திரமும் நண்பர் வீடும் நமக்குப் புதியனவல்ல. விழாவுக்கென்று ஒதுக்கிய பந்தல் செலவையும் மலர் மாலைச் செலவையும் இங்கே திருப்பிவிட்டால் கணக்குப் பெரும்பாலும் நேராகிவிடும்.

"இது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு ஆகிவிடாதா?" என்று ஒரு முதலாண்டுத் தம்பி கேட்டான். கூட்டத்தில் யாரும் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தனியார் விமானி உரிமம் உள்ளவர் கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது; ஆகையால் நாம் இருக்கையை விலை பேசவே கூடாது. சங்கப் பொது நிதியிலிருந்து செலவு செய்வோம் என்று கூட்டம் முடிவு செய்யுமானால், அது சட்டத்துக்குப் பொருந்துமா என்பதைக் கழகத்தாரிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்வோம். இருக்கைகளைச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்போம். உத்திரமேரூரில் குடவோலை போட்டு ஆட்களைத் தேர்ந்த மரபு நம்முடையது. எட்டு இருக்கைக்கு ஒரு குடம் கிடைக்காதா? பெயர் வராதவர்களுக்கு ஒரு வேன். அந்த வேன் சாலை வழியே கூடவே வரும், மூட்டை முடிச்சை ஏற்றிக்கொள்ளும், ஊருக்கு ஊர் சந்திக்கும். விமானம் கிளம்ப முடியாத நாளில் அனைவரையும் அழைத்துப் போகும். வேன் இருக்கிறது என்ற தைரியமே விமானியை விடுவிக்கும். அன்று மைசூரில் பஸ் இருக்கிறது என்பது என் நினைவுக்கு வந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"விழா இல்லாமல் சங்கத்துக்கு என்ன பெருமை?" என்பது மூன்றாவது மறுப்பு. விழாவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோரும் திரும்பி வந்து பத்து நாள் கழித்து, இங்கே நம் மன்றத்தில் வைப்போம். படங்களைத் திரையில் காட்டுவோம். அழைப்பிதழை அப்போது அச்சடிப்போம்.

நிதானமாகப் போனால் என்ன கிடைக்கும் என்று சற்று எண்ணிப் பாருங்கள். முதல் நாள் கிருஷ்ணை கீழே நெளிவாள். அதன்பின் கடப்பிரபா, மலப்பிரபா. ஹூப்ளியைவிட்டுக் கிழக்கே போனால் துங்கபத்திரை அணையின் நீர்ப்பரப்பு; அதன் கரையருகே விஜயநகரத்தின் பாறைக் குன்றுகள். மைசூரை நெருங்கும்போது சீரங்கப்பட்டணத்தைச் சுற்றிக்கொண்டு ஓடும் காவிரி. அங்கிருந்து கிழக்கே ஐயாயிரம் அடியைத் தாண்டும் மலைகள். காலை வெளிச்சத்தில் நல்ல உயரத்தில் அவற்றைக் கடந்தால் மேட்டூர் அணை. 1934-இல் கட்டி முடித்த அந்த ஏரி, மலைகளுக்கு நடுவே கைவிரல்போல் விரிந்து கிடக்கும். பின்னர் கல்வராயன் மலை, தென்பெண்ணை, கடைசியில் கடல். நதிகளை வைத்து மாநிலங்கள் வழக்காடுவதைப் பத்திரிகையில் படித்து வளர்ந்தவர்கள் நாம். மேலிருந்து பார்க்கும்போது ஒரே மண்ணில் ஓடும் தண்ணீர் அது என்பதைக் கண்ணாலேயே காண்போம். மராத்தி பேசும் ஊரில் கிளம்பி, கன்னடம் பேசும் ஊர்களில் தங்கி, தமிழ் பேசும் ஊரில் இறங்கும் பிள்ளைகள் அந்த ஊர்களில் ஓர் இரவாவது தங்கி நாலு பேரோடு பேசாமல், பெட்ரோல் மட்டும் ஊற்றிக்கொண்டு ஓடி வந்தால், அது சுற்றுலா ஆகுமா? சாமான் அனுப்புவதற்குப் பெயர் அது.

தோழர்களே! பொதுக்குழுவில் இரண்டு கேள்விகளுக்கு உங்கள் வாக்கைக் கேட்கிறேன். புதுச்சேரி விழாவின் தேதியை நீக்குவீர்களா? ஆறு நாளுக்கு இரண்டு வெற்று நாளை ஏற்பீர்களா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால், குடத்தில் என் பெயரையும் போடுங்கள். பெயர் வந்தால் பையோடு தராசில் ஏறி நிற்பேன். மேலே போனபின் விமானியிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அவர் திரும்பினால் கைதட்டுவேன்.

'இல்லை' என்று முடிவானால், நான் ரயிலில் வருகிறேன். சனிக்கிழமை மாலை புதுச்சேரியில் நின்றுகொண்டு, மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உங்கள் தாய் தந்தையரும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்து வாக்களியுங்கள்.